இதுக்கா விருது?

படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் கத்திரியம்மா இருக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. மற்றவர்கள் பாப்கார்ன் டப்பாக்களைக் காலால் தள்ளிவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த மகன் இரண்டு தடவை "போலாமாம்மா?" என்று கேட்டுவிட்டான். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தக் காட்சி படத்தில் இல்லை.

கத்திரியம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. நாற்பது வருஷம் படத்தொகுப்பு அறையில் உட்கார்ந்து, அடுத்தவர் எடுத்த படங்களை வெட்டி ஒட்டியதற்குச் சினிமாக்காரர்கள் கொடுத்த பட்டம். ஓய்வுபெற்று வீட்டில் இருந்தவளை இந்த வருஷம் திரைப்பட விருதுக் குழுவுக்குத் தலைவியாகப் போட்டார்கள். ஐந்து பேர் குழு, பதினான்கு நாள், அறுபத்திரண்டு படம். சிறந்த படமாக அவர்கள் தேர்ந்தெடுத்தது, யாரும் கேள்விப்படாத ஒரு பெண் எடுத்த முதல் படம். காரணம் கேட்ட பத்திரிகைக்காரரிடம் கத்திரியம்மா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"ஒரு அம்மா, காணாமப்போன பையனோட சட்டைக்கு இஸ்திரி போடற காட்சி ஒண்ணு இருக்கு. பதினோரு நிமிஷம். ஒரு வார்த்தை கிடையாது. அது ஒண்ணுக்கே குடுக்கலாம்" என்றாள்.

வந்தது வினை. வெள்ளிக்கிழமை படம் திரைக்கு வந்தது. சனிக்கிழமை காலையிலேயே ஊரெல்லாம் ஒரே கேள்வி: எந்தக் காட்சி? திரையில் அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியை எடுக்கிறாள், அடுத்த நொடி கதவு தட்டப்படுகிறது, போலீஸ்காரர் வருகிறார், ஓர் அழுகை, ஒரு பாட்டு. அவ்வளவுதான். குழுத் தலைவி கனவில் பார்த்த படத்துக்கு விருது கொடுத்துவிட்டார் என்று கைப்பேசிக்குக் கைப்பேசி சிரிப்பு. பெரிய விமர்சகர் ஒருவர், நம் ரசனை எவ்வளவு தரம் தாழ்ந்துவிட்டது என்பதற்கு இந்த விருதுப் பட்டியலே சாட்சி என்று முழுப் பக்கம் எழுதித் தள்ளினார். ஒரு தொலைக்காட்சி இதுதான் சாக்கு என்று செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு நேரலை விவாதம் வைத்தது. தலைப்பு, 'இதுக்கா விருது?'.

காட்சியைக் காணோம் என்றவர்கள் பாப்கார்ன் வாங்க எழுந்து போன கழுதைகள் என்றுதான் கத்திரியம்மா அதுவரை நினைத்திருந்தாள். "வா, நீயே உன் கண்ணால பாரு" என்று ஞாயிற்றுக்கிழமை மகனைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு வந்தவளும் அவள்தான். அவன் கண்ணால் பார்த்தான். ஊர் சொன்னதுதான் சரி.

இஸ்திரிப் பெட்டியை எடுத்த இடத்தில் அவளுக்கு ஒரு குலுக்கல் தெரிந்தது. இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தால் தரை வருமே, அப்படி. வெட்டிப் பழகிய கைக்கு வெட்டு தெரியாமல் போகாது. ஆனால் அந்தக் குலுக்கல் படத்தில் இருந்ததா, தன் தலைக்குள் இருந்ததா என்று அவளால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

மகன் காரை எடுத்தான். பிறகு சொன்னான்: "பரவாயில்லைம்மா. அறுபத்திரண்டு படம் பார்த்தா யாருக்கா இருந்தாலும் கொஞ்சம் குழம்பத்தான் செய்யும்."

அவன் சொன்னதைவிட, சொன்ன குரல்தான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. அவன் லிஃப்ட் கம்பெனியில் மேற்பார்வையாளன். எங்காவது லிஃப்ட் நடுவில் நின்று, உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கத்த, இவன் ஆட்களைப் பார்த்துக் கத்த, அப்படியே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. வீட்டிலும் அதே தொண்டைதான். "ஏம்மா, உனக்கு எத்தனை தடவை சொல்றது!" என்பதுதான் அவன் பாசத்தின் உச்சம். அந்தக் குரலை அவன் தணித்துப் பேசிக் கேட்டது ஒரே ஒருவரிடம், அவளுடைய அக்காவிடம்.

அக்கா கணக்கு வாத்தியார். கடைசி நாலு வருஷம் நினைவு தப்பிவிட்டது. மறந்ததுகூடப் பெரிதில்லை, நடக்காததை நடந்த மாதிரி சொல்வாள். நேற்று தலைமையாசிரியர் வந்தார், சாம்பல் நிறக் கோட்டு, இடதுபக்கப் பொத்தானைக் காணோம் என்று அச்சுப் பிசகாமல் சொல்வாள். மகன் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக "அப்படியா பெரியம்மா?" என்பான். வீடு முழுக்க அப்படித்தான் சொன்னது. சொல்லச் சொல்ல அக்கா சுருங்கிப்போனாள். கத்திரியம்மாவும் சொன்னவள்தான்.

திங்கட்கிழமை பொழுது விடிந்ததும் அவள் குழு உறுப்பினர்களுக்கு ஒவ்வொருவராக ஃபோன் போட்டாள். ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் "ஆமாம், நானும் பார்த்தேன்" என்று சொன்னால் போதும், உயிர் வந்துவிடும்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு கையைத் தூக்கினேன்" என்றார் கவிஞர்.

"நான் எப்பவுமே கண்ணை மூடிக்கிட்டுத்தாங்க படம் பார்ப்பேன். ஒலியைக் கவனிக்கணுமில்ல" என்றார் இசையமைப்பாளர். குறட்டையும் ஓர் ஒலிதானே என்று அவள் வாய்வரை வந்தது.

மூன்றாமவருக்கு எந்தப் படம் என்பதே ஞாபகமில்லை. நான்காமவர் அன்று மத்தியானம் பல் வலி என்று பாதியில் போய்விட்டவர். சினிமாவின் தரம் எங்கே போயிற்று என்று தேடுகிறவர்கள் குழு படம் பார்த்த அறையின் சாய்வு நாற்காலிகளைக் கொஞ்சம் தட்டிப் பார்த்திருக்கலாம்.

இருட்டில் குறிப்பெழுதும் பழக்கம் அவளுக்கு உண்டு. நோட்டைப் புரட்டினாள். ஒரு வரிமேல் இன்னொரு வரி ஏறிக் கிடந்தது. 'இஸ்திரி. பொத்தான். கதவு. 11' என்று ஒரு பக்கத்தில் தெளிவாகவே இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்தில் படத்தின் பெயர் இல்லை. வேறு ஏதாவது படத்துக் குறிப்பா? கையெழுத்து அவளுடையதுதான். அக்காவும் கடைசிவரை அழகாகத்தான் எழுதிக்கொண்டிருந்தாள்.

மதியம், குழுவுக்குப் படங்களைத் திரையிட்ட அறைக்கே போனாள். ஆபரேட்டர் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வந்ததைத்தாம்மா போட்டேன். டிஸ்க்கெல்லாம் அப்பவே திருப்பி அனுப்பியாச்சு" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். வீட்டுக்கு வந்து, காலையில் என்ன சாப்பிட்டோம், நேற்று என்ன கிழமை, மருமகளின் பிறந்தநாள் எப்போது என்று தன்னைத்தானே கேள்வி கேட்டுப் பதில் சொல்லிக்கொண்டாள். எல்லாம் சரியாக வந்தது. அதிலும் நிம்மதி இல்லை.

செவ்வாய்க்கிழமை நாலரை மணிக்குத் தொலைக்காட்சி நிலையத்தின் ஒப்பனை அறையில் அவள் முகத்துக்கு யாரோ பவுடர் போட்டுக்கொண்டிருந்தபோது, அந்த இயக்குநர்ப் பெண் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். விவாதத்துக்கு அவளையும் கூப்பிட்டிருந்தார்கள். பவுடர்காரி வெளியே போகும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டாள்:

"அம்மா, அந்தப் பதினோரு நிமிஷம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கத்திரியம்மா நாற்காலியோடு திரும்பினாள். "எப்படித் தெரியும்னா? அப்படி ஒண்ணு இருக்கா?"

"இருந்துச்சும்மா. நான் முதல்ல முடிச்ச படத்துல. தயாரிப்பாளர்தான் இழுவையா இருக்குன்னு வெட்டிட்டு, போலீஸ், பாட்டு எல்லாம் சேர்த்தாரு. எடிட்டிங் ரூமுக்கு வெளியே யாரும் அதைப் பார்த்ததே இல்லை. நேத்து ராத்திரிதான் விளங்கிச்சு. நாங்க அனுப்பின டிஸ்க்குல ரெண்டும் இருந்திருக்கு. ஒண்ணு 'இறுதி', இன்னொண்ணு 'இறுதி புதுசு'. ஆபரேட்டர் முதல்ல இருந்ததைப் போட்டுட்டார்."

கத்திரியம்மா ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டாள். போன உயிர் திரும்பி வந்தது. போட்ட பவுடரெல்லாம் கரைந்து ஓட, சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியாது. என் தலை சரியாக இருக்கிறது, என் தலை சரியாக இருக்கிறது என்று மனசு கூத்தாடியது. மகனை நினைத்தாள். போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று நினைத்தாள்.

"நான் இன்னைக்கு நேரலையிலேயே சொல்லிடறேன்" என்றாள் அந்தப் பெண். "உங்களை ஊரே சிரிக்குது. என்னால தாங்க முடியலை."

அப்போதுதான் அவளுக்குள் இருந்த குழுத் தலைவி விழித்துக்கொண்டாள். விதிப் புத்தகம் அவளுக்கு மனப்பாடம். தணிக்கைச் சான்றிதழ் வாங்கிய படத்தைத்தான் குழு பார்த்திருக்க வேண்டும். வேறு வடிவத்தைப் பார்த்திருந்தால் விருது அந்த நிமிஷமே செல்லாது.

"செல்லாமப் போனா உனக்கு என்ன ஆகும்?"

"அடுத்த படத்துக்கு ஒருத்தர் வந்திருக்கார். என்னைக் கேக்காம ஒரு ஷாட்டைக்கூடத் தொடமாட்டோம்னு எழுதிக் குடுக்கறாங்க. விருது இருக்கறதாலதான். சனிக்கிழமை கையெழுத்து." உடனே, "பரவாயில்லைம்மா" என்றாள்.

கத்திரியம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். இந்தக் கைகள் தயாரிப்பாளர் சொன்னார் என்று எத்தனை பதினோரு நிமிஷங்களை வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டிருக்கும்! எடுத்தவர்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்ததை எடுப்பாள்.

"நீ சனிக்கிழமை கையெழுத்துப் போடு. இன்னைக்கு வாயைத் திறக்காதே" என்றாள். "என்னை நான் பார்த்துக்கறேன்."

விவாதத்துக்கு வந்த விமர்சகர் நேரில் மரியாதையான மனிதர்தான். பேசியதிலும் பாதி நியாயம் இருந்தது. "விருதுன்னா ஒரு வழிகாட்டி. எது நல்லதுன்னு தெரியாம தவிக்கிறவனுக்கு இதைப் பாருன்னு காட்டற கை. அந்தக் கையே தூக்கத்துல ஆடினா, ரசனை எப்படிங்க வளரும்?" என்றார். சாய்வு நாற்காலிகளை நினைத்துக் கத்திரியம்மா தன்னையறியாமல் தலையாட்டிவிட்டாள்.

"ஒரே ஒரு கேள்வி" என்றார் அவர். "பதினோரு நிமிஷக் காட்சின்னு சொன்னீங்களே, அது எங்கே?"

எதிரே இயக்குநர்ப் பெண்ணின் உதடு அசைவது தெரிந்தது. கத்திரியம்மா முந்திக்கொண்டாள்.

"வயசாயிடுச்சுங்க. ரெண்டு மூணு படத்தைப் போட்டுக் குழப்பிக்கிட்டேன்போல. ஆனா படம் நல்ல படம். அதுல எனக்குக் குழப்பமில்லை."

மறதிக்காக விருதைத் திரும்ப வாங்க விதிப் புத்தகத்தில் இடமே கிடையாது.

சண்டைக்கு வரிந்துகட்டி வந்திருந்த விமர்சகரின் முகம் விழுந்துவிட்டது. "அப்படியாம்மா?" என்றார் மெதுவாக. "மன்னிச்சுக்குங்க." நிகழ்ச்சி நடத்துகிறவர் அதைவிட மெதுவாக "தண்ணி குடிக்கிறீங்களாம்மா?" என்றார். ஊரே அந்தக் குரலுக்கு மாறிவிட்டது. அவளுக்கு ஓவென்று கத்த வேண்டும்போல இருந்தது. தண்ணீரைக் குடித்தாள்.

மகன் வாசலில் காரோடு நின்றிருந்தான். கதவைத் திறந்துவிட்டான், பெல்ட்டை அவனே மாட்டிவிட்டான். வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் உட்கார்த்தி, டீயை ஆற்றிக் கையில் கொடுத்த பிறகு சொன்னான்: "வியாழக்கிழமை பத்து மணிக்கு டாக்டரைப் பார்க்கப் போறோம்மா. சும்மாத்தான். ரெண்டு கேள்வி கேப்பார், அவ்வளவுதான்."

"எனக்கு ஒண்ணுமில்லைடா" என்று அவள் எல்லாவற்றையும் சொன்னாள். டிஸ்க், இறுதி, இறுதி புதுசு, விதிப் புத்தகம், சனிக்கிழமைக் கையெழுத்து, ஒன்று விடாமல். சொல்லச் சொல்லத் தன் காதுக்கே அக்கா பேசுகிற மாதிரி இருந்தது.

மகன் அவள் கைமேல் கையை வைத்தான். "அப்படியாம்மா?" என்றான்.

அந்தப் பெண்ணின் நம்பர் கைப்பேசியில் இருந்தது. ஆனால் அவளே பேசினாலும், பாவம், வயசானவர் மனசு நோகக்கூடாது என்று சொல்கிறாள் என்றுதான் இவன் நினைப்பான். கத்திரியம்மா கைப்பேசியைத் தள்ளி வைத்தாள். தலை சரியாக இருந்து என்ன பயன்? சரியாக இருக்கிறது என்று நம்ப வீட்டில் ஓர் ஆள் வேண்டாமா?

வேறு வழி தெரியாமல், காட்சியைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"ஞாயித்துக்கிழமை. அவ பையனோட வெள்ளைச் சட்டையை எடுத்து விரிக்கிறா. அவன் போய் ரெண்டு வருஷம். காலர்ல இருந்து தேய்க்கிறா. ரெண்டாவது பொத்தான் இல்லை."

"ம்" என்றான் மகன், அதே பூப்போன்ற குரலில்.

"டப்பாவைக் கவுத்துத் தேடறா. கறுப்பு இருக்கு, பழுப்பு இருக்கு, வெள்ளை இல்லை. கொஞ்ச நேரம் சும்மா நிக்கிறா. அப்புறம் தான் போட்டிருக்கற சட்டையில இருந்து ஒண்ணைப் பிய்க்கிறா. ஊசியில நூல் கோக்க வரலை. எச்சில் தொட்டுத் தொட்டுக் கோக்கிறா. அப்பக் கதவு தட்டுது."

"யாரு?"

"அவ எழுந்திருக்கலை. பொத்தானைத் தைக்கிறா. மறுபடி தட்டுது. நூலைப் பல்லால கடிக்கிறா. மறுபடி தேய்க்கிறா. சட்டைக் கை ரெண்டையும் மடிக்கிறா. தட்டறது நிக்கலை."

மகன் நாற்காலியை முன்னால் இழுத்தான். அவன் டீயில் ஆடை படிந்துவிட்டது. "பையன்தானா? இல்ல, வேற யாராவதா?"

"சட்டையை அலமாரியில வைக்கிறா. இஸ்திரிப் பெட்டி ஒயரைச் சுத்தறா. நிதானமா, ஒரு சுத்து, ரெண்டு சுத்து. கதவுகிட்ட வந்து தாழ்ப்பாள்மேல கையை வைக்கிறா."

"சும்மா இழுக்காதேம்மா! திறந்தாளா இல்லையா?"

"படம் முடிஞ்சுபோச்சு."

"என்னது?" மகன் மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். லிஃப்ட்டுக்குள் பத்துப் பேர் மாட்டிக்கொண்ட மாதிரி வீடே அதிரக் கத்தினான். "கதவைத் திறக்காமலேயே முடிஞ்சுபோச்சா? ஏம்மா, உனக்கு அறிவிருக்கா? இதுக்கா விருது குடுத்தீங்க?"

கத்திரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தாள்.