வண்டிக்குள் ஒரு மாமியார்

காரை வாங்குவது பெரிய விஷயமாக இருக்கவில்லை. அப்பா பெயின்டர். அவருக்குத் தெரிந்த ஒரு கான்ட்ராக்டர், தன் மனைவி ஓட்டிச் சலித்த பழைய சின்னக் காரை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார். சாம்பல் நிறம், ஒரு கதவு மட்டும் வேறு சாம்பல். தலைவலி அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ஓட்டப்போகிற மகளுக்குப் பத்தொன்பது வயது, லைசென்ஸின் மை இன்னும் காயவில்லை என்றதும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கேட்ட தொகை காரின் விலையையே தாண்டியது. சின்ன வயசுக்காரர்கள் என்றால் இந்தக் கம்பெனிகளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. இன்னும் தெருவுக்கே வராதவளை, ஏற்கெனவே நாலு பேரை இடித்துவிட்டு வந்து நிற்பவள் மாதிரிதான் பார்த்தார்கள். அப்பா பேரில் எழுதிவிட வேண்டியதுதானே என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நல்ல யோசனைதான், அப்பாவுக்கு லைசென்ஸ் என்று ஒன்று இருந்திருந்தால்.

காரில்லாமலும் முடியாது. மகளுக்கு வேலை கிடைத்திருந்தது ஊருக்கு வெளியே ஒரு மருந்துக் கிடங்கில். முதல் பஸ் கிளம்புவதற்குள் அங்கே ஷிஃப்ட் தொடங்கிவிடும். இந்த வேலைக்காக அவள் ஏறி இறங்கிய படிகளை அம்மா பக்கத்தில் இருந்து பார்த்தவள். கார் போனால் வேலை போகும். வேலை போனால் மகள் மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிடுவாள். அந்தப் பழைய நாட்கள் திரும்பி வரவே கூடாது என்றிருந்தாள் அம்மா.

வழி சொன்னது ஒரு ஏஜென்ட். காருக்குள் ஒரு கறுப்புப் பெட்டி பொருத்துவார்கள். வண்டி எவ்வளவு வேகம் போகிறது, எங்கே திரும்புகிறது, எப்படி நிற்கிறது என்று எல்லாவற்றையும் அது பார்த்துக்கொண்டே இருக்கும். சடாரென்று பிரேக் அடித்தால் பீப் என்று கத்தும், நூறிலிருந்து மார்க்கைக் குறைக்கும். மார்க் நன்றாக இருந்தால் பிரீமியம் பாதிக்கும் கீழே. எழுபதுக்குக் கீழே போனால் பாலிசி ரத்து. ஒரு கம்பெனி ரத்து செய்த ஆளை இன்னொரு கம்பெனி வாசலில்கூட நிற்க விடாது. இதையெல்லாம் ஏஜென்ட் சிரித்த முகமாகத்தான் சொன்னார்.

"பயப்படாதீங்கம்மா. நல்லா ஓட்டுறவங்களுக்கு இந்தப் பெட்டி ஒரு வரம்" என்றார்.

வந்த அன்றைக்கே அதற்குப் பேர் வைத்தாயிற்று. சும்மா உட்கார்ந்துகொண்டு சகலத்தையும் கவனித்து, எதைச் செய்தாலும் குற்றம் கண்டுபிடித்து, போகிற இடத்தில் போட்டுக்கொடுப்பது யார்? மாமியார்தான். பேரை வைத்தவள் மகள். சின்ன வயதில் ஓரிடத்தில் உட்காராதவள் என்பதால் அவளுக்கே வீட்டில் வாலு என்றுதான் பேர். இப்போது அந்த வாலெல்லாம் எங்கே போனதோ. சொன்னதைச் சொன்னபடி கேட்கிற பெண்ணாகியிருந்தாள். மாமியாருடைய மார்க் அம்மாவின் போனில் வந்து விழுகிற மாதிரி ஏற்பாடு செய்துகொடுத்ததும் அவள்தான்.

அம்மா ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் மேற்பார்வை பார்ப்பவள். வெள்ளை விரிப்பில் கடுகளவு கறை இருந்தாலும் விடமாட்டாள், திருப்பி இயந்திரத்துக்குள் போடச் சொல்வாள். அந்தக் கண்ணால்தான் போனையும் பார்த்தாள். ஆவி பறக்கிற இஸ்திரி உருளைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, மகள் எங்கோ ஒரு திருப்பத்தில் திரும்பியதை இங்கிருந்தே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தாள்.

முதல் வாரத்திலேயே ஒரு நாய் குறுக்கே ஓடியது. வாலு பிரேக்கை அழுத்தி மிதித்தாள். நாய் பிழைத்தது, மார்க் சரிந்தது. அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. நாலு அடி முன்னாலேயே பார்த்திருக்க வேண்டாமா, பிரேக் மேல் காலை வைத்து அப்படி ஏறி நிற்கலாமா, இப்படியே போனால் மாசக் கடைசியில் காரை எங்கே நிறுத்துவது என்று அம்மா பிடிபிடியென்று பிடித்தாள்.

"நாய் உயிரோட போச்சுல்ல, விடு" என்றார் அப்பா.

"நாய்க்கு யாரு வேலை குடுக்கப் போறா? நம்ம பொண்ணுக்குத்தான் வேலை போகும்" என்றாள் அம்மா.

வாலு தட்டைப் பார்த்தபடி, இனிமேல் மெதுவாக மிதிக்கிறேன் என்றாள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். சிக்னலில் மஞ்சள் விழுந்தால் நிற்பதில்லை, நழுவிப் போய்விடுவாள். முன்னால் போகிற வண்டி திடீரென்று நின்றால் ஒடித்துப் பக்கத்தில் புகுந்துவிடுவாள். பிரேக்கைத் தொடுவது கடைசியில், அதுவும் தூங்குகிற குழந்தையைத் தட்டுகிற மாதிரி. மார்க் கிடுகிடுவென்று ஏறியது. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. சலவைக்கூடத்தில் போனை எடுத்து எல்லோருக்கும் காட்டினாள். தினமும் சாயங்காலம் வாலு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "சபாஷ், இன்னிக்கும் மாமியார் கத்தல" என்பாள். வாலுவின் முகம் அப்போது மலரும். பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு அந்த மலர்ச்சியை அம்மா பார்த்ததேயில்லை.

ஒரு லீவு நாளில் வாலு அம்மாவைக் கடைக்குக் கூட்டிப்போனாள். மாமியார் வந்த பிறகு அம்மா அந்தக் காரில் ஏறியது அதுதான் முதல் தடவை. குறுகலான தெரு. நிறுத்தியிருந்த லாரிக்குப் பின்னாலிருந்து ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். அம்மாவின் கால் தானாகவே தரையை அழுத்தியது, இல்லாத பிரேக்கைத் தேடி. வாலு அழுத்தவில்லை. ஸ்டீயரிங்கை மட்டும் கொஞ்சம் ஒடித்தாள். பக்கவாட்டுக் கண்ணாடி அந்த ஆளின் சட்டையை உரசிக்கொண்டு போனது. பின்னால் அவன் கத்துவது கேட்டது. கார் அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது.

அம்மா திரும்பி மகளைப் பார்த்தாள். வாலு பதறவில்லை. அவள் பார்வை சாலையில்கூட இல்லை. தலையை லேசாகச் சாய்த்து, பெட்டி கத்துகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.

போனை எடுத்துப் பார்த்தாள். ஒரு மார்க்குகூடக் குறையவில்லை. நிறுத்து, ஓரமாக நிறுத்து என்று சொல்ல வாய்வரை வந்தது. பாலிசியைப் புதுப்பிக்கும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது, இந்த மார்க் நின்றால் பிரீமியம் பாதி. அந்த நினைப்பு வந்து நாக்கைப் பிடித்துக்கொண்டது. புதுப்பித்து முடியட்டும், உட்காரவைத்துப் பேசிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கடையில் என்ன வாங்கினாள் என்று அவளுக்கே நினைவில்லை.

அதற்கப்புறம் வந்த நாட்களில் அம்மா நிம்மதியாக இருந்தாள் என்று சொன்னால் அது பொய். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கையில் இருக்கும் விரிப்பு நழுவும். இவ்வளவு நாளும் மார்க் ஏறினால் குளிர்ந்த மனசு, இப்போது ஏற ஏறக் கலங்கியது. எத்தனை பேர் எத்தனை தெருக்களில் சட்டை உரசியதோடு தப்பித்துப் போனார்களோ, யார் கண்டது? இருந்தும் பேசவில்லை. சாயங்காலங்களில் சபாஷ் சொல்வதையும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மகள் ஏன் என்று கேட்பாளே.

ஒரு மதியம் ஏஜென்டே கூப்பிட்டார். பாலிசி புதுப்பித்தாயிற்று, இப்படி ஓட்டுகிற பெண்ணைக் கம்பெனி பார்த்ததேயில்லை என்று சொல்லிச் சிரித்தார். அம்மா மூச்சு விட்டாள். இனி சாக்கு இல்லை. இன்று வாலு தன் ஷிஃப்ட் முடிந்து அம்மாவைக் கூட்டிப்போக வருவாள், காரிலேயே சொல்லிவிட வேண்டும். மார்க் போனால் போகட்டும், காலை நல்லா அழுத்து, ஆள் வந்தால் பிரேக்கில் ஏறி நில்லு. வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே கைகழுவிவிட்டு வெளியே வந்தாள்.

சலவைக்கூடத்தின் பின்வாசல் சரிவாக இறங்கி, வண்டிகள் வந்து திரும்பும் முற்றத்தில் முடியும். அழுக்குத் துணி ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று மேலே சரியாக நிறுத்தப்படாமல் உருளத் தொடங்கியிருந்தது. அம்மா ஓடினாள். முற்றத்தின் நடுவில் அதை எட்டிப் பிடித்து, இரண்டு கையாலும் தடுத்து, பின்பக்கமாக நடந்தே சுவர் மூலை வரை இழுத்துக்கொண்டு போனாள். நிமிர்ந்தபோது சாம்பல் நிறக் கார் கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

தூரம் இருந்தது. ஒரு மிதி மிதித்தால் நின்றுவிடும் தூரம். வாலு அம்மாவைப் பார்த்துவிட்டாள், அம்மா வாலுவைப் பார்த்தாள். ஒதுங்க இடமில்லை, பின்னால் சுவர், முன்னால் தள்ளுவண்டி.

"அழுத்து" என்று கத்தினாள் அம்மா.

கார் வேகத்தைக் குறைத்தது. சிவப்பு விளக்கைத் தூரத்திலேயே பார்த்துவிட்ட கார் குறைக்கிற மாதிரி, குலுங்காமல், பதமாக, அழகாகக் குறைத்துக்கொண்டே வந்தது. அந்த அழகோடு வந்து தள்ளுவண்டியை முட்ட, தள்ளுவண்டி அம்மாவைச் சுவரோடு சேர்த்து அழுத்தியது. இடுப்புக்குக் கீழே ஏதோ முறிந்த சத்தம் அம்மாவுக்கே கேட்டது.

வாலு கதவைத் திறந்து ஓடிவந்து தள்ளுவண்டிக்கு மேலாக எட்டினாள். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நான் மெதுவாத்தாம்மா மிதிச்சேன். மாமியார் கத்தவே இல்லம்மா."

அம்மாவுக்கு வலி இன்னும் வந்து சேரவில்லை. முதலில் வந்தது பயம். அழுதுகொண்டிருந்த அந்த முகம், தினமும் வாசலில் செருப்பைக் கழற்றும்போது காத்து நிற்கிற மாதிரியே, ஒரு சபாஷுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.