பன்னிரண்டு ஃபோல்டரில் ஒரே படம்

ஸ்டூடியோ கம்ப்யூட்டரின் முதல் டிஸ்க் போன வாரம் டிக் டிக்கென்று சத்தம் போட்டுவிட்டு ஒரேயடியாகப் படுத்துவிட்டது. கணவர் இறந்தபின் அந்த போட்டோ ஸ்டூடியோவை அவர் தம்பியின் துணையோடு இழுத்துக்கொண்டிருந்தவள், பழைய படமெல்லாம் போச்சே என்று பதறினாள். பதறாமல் இருந்தவன் கொழுந்தன் மட்டும்தான்.

"ரெண்டாவது டிஸ்க்ல மாசாமாசம் பேக்கப் இருக்கு அண்ணி. பயப்படாதீங்க" என்றான்.

அவன் பதறாததே அவளை உறுத்தியது. அடுத்த தெருவில் அவன் தனியாக ஸ்டூடியோ வைக்க இடம் பார்த்ததாக லேமினேஷன்காரர் சொல்லியிருந்தார். இவளிடம் அவன் மூச்சுகூட விடவில்லை. பழைய படங்கள் யார் கையில் இருக்கின்றனவோ, வாடிக்கையாளர்களும் அவரிடம்தான் போவார்கள்.

மதியம் ஆள் வராத நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இரண்டாவது டிஸ்க்கைத் தானே குடைந்தாள். மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு ஃபோல்டர்கள். ஒவ்வொன்றும் முந்நூறு ஜிபி என்றது. டிஸ்க்கோ மொத்தமே ஆயிரம், அதிலும் பாதிக்கு மேல் காலி. பன்னிரண்டு மூட்டையை ஒரு டப்பாவில் போட்டு மூட முடியுமா? நன்றாகத்தான் காதில் பூ சுற்றியிருக்கிறான் என்று பல்லைக் கடித்தாள்.

கையும் களவுமாகப் பிடிக்க ஒரு வழி தோன்றியது. ஒரு படத்தில் அடையாளம் வைத்தால் அது மற்ற பதினொன்றிலும் வரக்கூடாது; வந்தால் அவை தனிப் பிரதிகளே இல்லை. முதல் ஃபோல்டரில் கண்ணில் பட்ட படத்தை பெயிண்ட் புரோகிராமில் திறந்தாள். ஸ்டூடியோ திறந்த அன்று எடுத்தது, பிரிண்ட் போடவே இல்லை. கணவர் தம்பியின் தோளில் கைபோட்டுச் சிரிக்கிறார்.

ஓரத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தாலே போதும். ஆத்திரம் விடவில்லை. கொழுந்தன் முகத்தின்மேல் சிவப்பில் தடியாக ஒரு பெருக்கல் குறி இழுத்து, சேவ் செய்தாள்.

அடுத்த ஃபோல்டரைத் திறந்தாள். அதே சிவப்பு. அதற்கடுத்ததிலும். பன்னிரண்டிலும். வகையாக மாட்டிக்கொண்டான் என்று அவனுக்கு போன் போட்டாள்.

அவன் உள்ளே வந்து உட்காரக்கூட விடவில்லை. "ஒரே படத்தைப் பன்னெண்டு இடத்துல காட்டி என்னை ஏமாத்தறீங்களா தம்பி?"

அவன் சிரித்துவிட்டான். "அதுக்குப் பேர் ஹார்ட் லிங்க் அண்ணி. மாறாத படத்தை மாசாமாசம் காப்பி பண்ணா டிஸ்க் என்னத்துக்கு ஆகும்? புதுசா வந்தது மட்டும்தான் ஏறும். பழைய படம் ஒண்ணுதான், பேர்தான் பன்னெண்டு. உங்களை நான் அண்ணிங்கறேன், எங்கம்மா மருமகள்ங்கறாங்க. ஆள் ஒருத்தர்தானே? பதினொரு ஃபோல்டரை அழிச்சாக்கூட படம் போகாது. உள்ள போய் மாத்தினாதான் வம்பு, எல்லாத்துலயும் மாறிடும்."

தான் இழுத்த சிவப்புக் குறி அவளுக்கு நினைவு வந்தது. ஆனாலும் கேட்டாள், "அடுத்த தெருவுல இடம் பாத்தீங்களாமே?"

"பாத்தேன். அண்ணன் போறதுக்கு முன்னாடி. அப்புறம் உங்களைத் தனியா விட்டுட்டுப் போக மனசு வரல, வேணாம்னுட்டேன். அதைப் போய் உங்ககிட்ட சொல்லிக் காட்டணுமா?"

மௌஸைக் கையில் எடுத்தான். "எந்தப் படம் அண்ணி ஒரே மாதிரி இருந்துச்சு?"

அவள் தடுப்பதற்குள், பெயிண்டில் கடைசியாக சேவ் ஆன படத்தைத் திறந்துவிட்டான். தன் முகத்தின்மேல் இருந்த சிவப்பைப் பார்த்ததும் மௌஸை வைத்துவிட்டான். அவள் பக்கம் திரும்பவில்லை.

"மத்த படமெல்லாம் பத்திரமா இருக்கு. நாளைக்குப் புது டிஸ்க்குக்கு மாத்திக் குடுத்துடறேன்" என்று ஷட்டரைத் தூக்கிவிட்டு வெளியே போனான். வாசலில் வழக்கமாகச் சொல்கிற "வரேன் அண்ணி" வரவில்லை.

வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. பெயிண்டில் அழிக்கிற ரப்பரை எடுத்துச் சிவப்பின்மேல் தேய்த்தாள். சிவப்பு போனது, அந்த இடத்தில் வெள்ளைதான் வந்தது. முகமில்லாத ஒருவனின் தோளில் கைபோட்டுக்கொண்டு கணவர் சிரித்துக்கொண்டிருந்தார்.