காகிதத் தட்டு

"அந்தப் புள்ள யாரு வூட்டுப் புள்ள?"

பிரேமாவதி மகளின் முழங்கையைப் பிடித்துக் குளியலறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டாள். சமையலறைக்குக் கேட்டுவிடக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"லோகேஸ்வரிம்மா. என் கிளாஸ்தான். சொன்னேன்லா."

"பேரு சொன்ன. யாருன்னு சொன்னியா? அவ அம்மா இராசாத்திதானே? கீழ லயத்துக்காரிதானே?"

மகள் சர்வினிக்குக் கீழ லயம் என்றால் என்னவென்று தெரியாது. அவள் பிறப்பதற்கு முன்பே தோட்டத்தை விற்றுவிட்டார்கள். ரப்பர் மரங்கள் போய்த் தொழிற்சாலைகள் வந்தன. தொழிலாளர் வரிசை வீடுகளான மேல லயமும் கீழ லயமும் ஒரே புல்டோசரில் மண்ணாயின. ஆனால் பிரேமாவதி கூலிம் நகரில் இந்த இரண்டு மாடி வீட்டுக்குக் குடிவந்தபோது, அந்த இரண்டு லயங்களையும் பத்திரமாகக் கூடவே கொண்டுவந்திருந்தாள்.

"சமைக்க வந்த புள்ளைய என்ன செய்யச் சொல்றீங்க? போகச் சொல்லவா?"

"கத்தாத. நான் பாத்துக்கிறேன்."

இந்த வேலையெல்லாம் சில்வெஸ்டர் சாருடையது. இடைநிலைப்பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவர். பிற இனத்தாரின் வழக்கங்களைப் புத்தகத்தில் படிக்கிற பிள்ளை பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும், ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்ச் சமைத்து, பரிமாறி, சேர்ந்து சாப்பிட்டால் மறக்காது என்பது அவர் கட்சி. கணக்கு ஆசிரியையும் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்துகொண்டார்கள். அரிசிக்குத் தண்ணீர் அளவு கணக்குப் பாடமானது, புளித்த மாவு அறிவியல் பாடமானது. மும்மூன்று பேராகப் பிள்ளைகளைப் பிரித்தார். சர்வினி, லோகேஸ்வரி, ஹுமைரா மூவரும் ஒரு குழு. முதல் வீடு பிரேமாவதியுடையது.

சமையலறையில் ஹுமைரா தலையில் சுற்றிய துடோங்கின் நுனியைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுச் சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்தாள். லோகேஸ்வரி முருங்கைக்காய் நறுக்கினாள். பிரேமாவதி உள்ளே வந்து சிரித்த முகத்தோடு கத்தியை அவள் கையிலிருந்து வாங்கினாள்.

"நீ போய் ஹால்ல உக்காரும்மா. ஃபேன் போட்டிருக்கேன்."

"பரவாயில்ல ஆன்ட்டி, நான் செய்றேன்."

"இல்ல, போ."

சாப்பாடு தயாரானதும் மேசையில் சர்வினிக்கும் ஹுமைராவுக்கும் எவர்சில்வர் தட்டு வந்தது. லோகேஸ்வரிக்கு முன்னால் ஒரு காகிதத் தட்டு வந்தது. தண்ணீரும் அவளுக்கு மட்டும் பிளாஸ்டிக் குவளையில்.

"தட்டு பத்தல" என்றாள் பிரேமாவதி யாரையும் பார்க்காமல்.

ஹுமைராவின் பார்வை கண்ணாடி அலமாரிக்குப் போனது. அதில் ஒரு கல்யாணத்துக்குக் காணுமளவு தட்டுகள் அடுக்கியிருந்தன. அவள் கற்றுக்கொள்ள வந்த பெண். அதனால் மலாயில் கேட்டாள்.

"ஆன்ட்டி, லோகேஸ்வரிக்கு மட்டும் ஏன் வேற தட்டு?"

பிரேமாவதி சாம்பார்க் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு சட்டென்று சிரித்தாள். "அது எங்க அடாட்லா" என்றாள். எங்கள் வழக்கம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டதில் அவளுக்கு நிம்மதி. ஹுமைரா மரியாதையோடு தலையசைத்தாள்.

லோகேஸ்வரி சோற்றைப் பிசைந்தாள். சாம்பார் கனத்தில் தட்டு வளைந்தது. இடது கையால் அடியில் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். பிரேமாவதி சாப்பிடவில்லை, விரதம் என்றாள். சர்வினி தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு வாய்க்கும் நினைத்தாள், ஒவ்வொரு வாயையும் விழுங்கினாள்.

தோழிகள் போன பிறகு சர்வினி, அம்மா அந்தப் பிளாஸ்டிக் குவளையைப் பின்வாசல் குப்பைத்தொட்டியில் போடுவதைப் பார்த்தாள்.

"அப்பா, பாத்தீங்களா?"

மனோகரன் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவருக்குக் கீழே எல்லா இனத்தாரும் வேலை செய்கிறார்கள், எல்லோரோடும் ஒரே கேன்டீனில் சாப்பிடுகிறவர். டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

"வுடும்மா. அம்மா பழைய ஆளு."

பிரேமாவதிக்கு அப்போது வயது நாற்பத்து மூன்று.

லோகேஸ்வரி வீட்டு முறை வந்தபோது, பிரேமாவதி மகளுக்குக் காய்ச்சல் என்று சாருக்குச் செய்தி அனுப்பிவிட்டாள். கடைசி முறை ஹுமைராவின் வீடு. பிள்ளைகளோடு பெற்றோரும் வந்து சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று சார் சொல்லியிருந்தார். மலாய் வீட்டு அழைப்பு. பிரேமாவதி நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டாள்.

வீடு கம்பம் என்கிற மலாய்க் கிராமத்தில், வயலை ஒட்டி இருந்தது. ஹுமைராவின் அம்மா ரொஹானா வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனாள். "பயப்படாதீங்க, மாட்டிறைச்சி இல்ல. இன்னிக்குச் சமைக்கன்னே புதுச் சட்டி வாங்கினேன்" என்று மலாயில் சொன்னாள். சில்வெஸ்டர் சார் ஏற்கனவே பாயில் உட்கார்ந்திருந்தார். இராசாத்தி காலை ஷிப்ட் முடிந்து, தொழிற்சாலைச் சீருடையோடு நேராக வந்திருந்தாள். பிரேமாவதியைக் கண்டதும் எழுந்தாள்.

"அக்கா, நல்லாருக்கீங்களா? பாத்து எவ்வளவு நாளாச்சு!"

"ம்" என்றாள் பிரேமாவதி.

ஹுமைரா தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். பூப்போட்ட பீங்கான் தட்டு சாருக்கு, பிரேமாவதிக்கு, சர்வினிக்கு. பிறகு உள்ளே போய், தங்கக் கரையிட்ட இரண்டு அழகான காகிதத் தட்டுகளை எடுத்துவந்தாள். ஒன்றை லோகேஸ்வரிக்கு முன்னாலும் மற்றதை இராசாத்திக்கு முன்னாலும் இரண்டு கைகளாலும் பணிவாக வைத்தாள்.

சார் கேட்டார். "ஏன் ஹுமைரா, இவங்களுக்கு வேற தட்டு?"

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "இவங்க அடாட் சார். ஆன்ட்டி வீட்ல நானே பாத்துக் கத்துக்கிட்டேன். லோகேஸ்வரிக்குக் காகிதத் தட்டு, தனிக் குவளை. மறக்கல."

"நல்ல தட்டா கிடைக்கணும்னு டவுனுக்குப் போய்த் தேடினோம்" என்றாள் ரொஹானா. "விருந்தாளி மனசு நோகக் கூடாதில்லையா?"

வெளியே வயலில் அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. இராசாத்தி தட்டைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். லோகேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாவிடம் அவள் சொல்லியிருக்கவில்லை. இராசாத்தி கடைசியாகப் பிரேமாவதியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் பிரேமாவதி தாங்கியிருப்பாள். ஆச்சரியம்கூட அதில் இல்லை.

சில்வெஸ்டர் சாரின் காது மடல்கள் சிவந்தன. தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தவர்.

ரொஹானாவை 'காக்', அக்கா, என்று அழைத்து இராசாத்திதான் பேசினாள். அவள் மலாய் பிரேமாவதியின் மலாயைவிடச் சுத்தமாக இருந்தது.

"இது எங்க வழக்கம் இல்ல காக். சில பேரு எங்களுக்குச் செய்றது."

ரொஹானாவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த இரண்டு தட்டுகளையும் பிடுங்குவது போல எடுத்துக்கொண்டு, "அல்லா, நான் கடைக்குப் போய்த் தேடி வாங்கினேனே, தேடி வாங்கினேனே" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். செய்யாத குற்றத்துக்கு இராசாத்தியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். ஹுமைரா எதைத் தப்பாகக் கற்றுக்கொண்டோம் என்று தெரியாமல் திகைத்து நின்றாள்.

பிரேமாவதி பாயிலிருந்து எழுந்து ரொஹானாவின் தோளைத் தொட்டு, "மாஃப் காக், மாஃப்" என்றாள்.

"அம்மா" என்றாள் சர்வினி. சத்தம் போடவில்லை. "மன்னிப்பு கேக்க வேண்டியது அவங்ககிட்ட இல்ல."

பிரேமாவதியின் கை ரொஹானாவின் தோளிலேயே நின்றுவிட்டது. இராசாத்தியின் பக்கம் முகம் திரும்பவில்லை. இராசாத்தி புதிதாக வந்த பீங்கான் தட்டில் சோறு போட்டுக்கொண்டு, மகளுக்கும் போட்டுச் சாப்பிட்டாள். மற்றவர்களுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகு சர்வினி அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரேமாவதியே, "வா, இராசாத்தி வூட்டுக்குப் போய்ட்டு வரலாம்" என்றாள். வழியெல்லாம் காரில் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மலிவு விலை அடுக்குமாடி. மூன்றாவது மாடி. இராசாத்தி கதவைத் திறந்தாள், "வாங்கக்கா" என்றாள், நாற்காலியில் காய்ந்த துணிகளை அள்ளிவிட்டு உட்காரச் சொன்னாள்.

"நான் செஞ்சது தப்பு இராசாத்தி. சின்னப் புள்ள மனச நோகடிச்சிட்டேன். மன்னிச்சிரு." பிரேமாவதி அழுதாள். அது பொய்யான அழுகை இல்லை.

"சரிக்கா. அழுவாதீங்க."

லோகேஸ்வரி கண்ணாடித் தம்ளர்களில் மைலோ கொண்டுவந்து நீட்டினாள். சர்வினி எடுத்துக்கொண்டாள். பிரேமாவதியின் கை எழுந்தது. பாதி தூரம் போனது. அவள் அறியாமலே வாய் சொல்லிவிட்டது.

"இப்பதான்மா குடிச்சிட்டு வந்தேன்."

சொன்ன பிறகுதான் தனக்கே கேட்டது. லோகேஸ்வரி நீட்டிய தம்ளரோடு அப்படியே நின்றாள். பிரேமாவதி மறுபடி கையை நீட்டுவதற்குள் சர்வினி அந்தத் தம்ளரை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க போங்கம்மா. நான் இங்க சாப்ட்டுட்டு வரேன்."

பிரேமாவதி இறங்கி வந்து காரில் உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போகவும் முடியவில்லை, மேலே ஏறவும் முடியவில்லை. பாதி இறக்கிய கண்ணாடி வழியே, மேலே தாளிக்கிற வாசனையும், மகள் சிரிக்கிற சத்தமும் வந்தன. சர்வினி சிரித்துப் பல நாளாகியிருந்தது. வெயில் ஏறி, ஸ்டியரிங் கையைச் சுட்டது.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். இராசாத்தி. மூன்று மாடி இறங்கி வந்ததில் மூச்சு வாங்கியது. பிரேமாவதி கண்ணாடியை இறக்கினாள், நிமிர்ந்து பார்க்கவில்லை.

"புள்ளைங்க சாப்ட்டு முடிக்க நேரமாகும். இந்த வெயில்ல எதுக்குக் கார்ல உக்காந்திருக்கீங்க? மேல வந்து ஃபேன் காத்துல உக்காருங்க" என்றாள் இராசாத்தி. கொஞ்சம் நிறுத்தி, காய்ச்சல்காரரிடம் பேசுவதுபோல மெதுவாகச் சொன்னாள். "பயப்படாம வாங்கக்கா. சாப்பிட ஒண்ணும் குடுக்க மாட்டேன்."