அளவு ஜாக்கெட்

வினிதாவின் ஜாக்கெட் முதல் தடவை வளர்ந்தது வெள்ளம் வந்த வருடத்துக்கு முந்தின வருடம், மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில், ஒரு சனிக்கிழமை காலை. முட்டைக்கோஸ் மலிவாக விற்ற நாள் அது. முதுகில் ஒரு சாண் இறக்கித் தைத்திருந்த கழுத்து, அவள் ஆட்டோ ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் பிடரி வரை ஏறிவிட்டது. முழங்கைக்கு மேலே நின்ற கை மணிக்கட்டு வரை இறங்கியது. பார்த்தவர்கள் நிறையப் பேர். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி காயில் சொத்தை இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அந்த ஜாக்கெட்டைத் தைத்தவர் கடப்பேரி ஞானம்மாள். அவருடைய கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். அப்போதெல்லாம் அந்தப் பக்கம் போனால் தையல் மிஷின் சத்தமும் ரேடியோவும் சேர்ந்தே கேட்கும், தெருப் பெண்கள் பாதிப்பேர் வாசலிலேயே நிற்பார்கள். டேப் வைத்து அளவெடுப்பது ஞானம்மாளுக்குப் பிடிக்காது. அளவு ஜாக்கெட் என்று பழையது ஒன்று கொடுத்தால் அதை விரித்து வைத்துப் புதுசு வெட்டுவார். எல்லாப் பெண்களிடமும் அப்படி ஒன்று இருந்தது. வினிதா திருநங்கை, அப்போதுதான் புடவைக்கு வந்தவள். அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று: அனகாபுத்தூர் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று கொடியிலிருந்து உருவிக்கொண்டு வந்த அம்மாவின் ஜாக்கெட். அம்மா கங்கையம்மாள் இட்லி மாவு அரைத்து விற்பவர். அவர் ஜாக்கெட்டில் கழுத்தெலும்பு கூடத் தெரியாது. "அளவு இதாங்க்கா. ஆனா முதுகு மட்டும் எறக்கிடுங்க" என்றாள் வினிதா. எவ்வளவு என்று ஞானம்மாள் விரலை வைத்துக் காட்டினார். இன்னும், இன்னும் என்று கேட்டுக்கொண்டே போனாள். "இதுக்கு மேல எறக்குனா ஜாக்கெட் இல்லம்மா, ஜன்னல்" என்று சொல்லித்தான் ஞானம்மாள் கத்தரியை எடுத்தார்.

சின்ன வயதிலிருந்து சட்டையை மேல் பட்டன் வரை போட்டு மூடிய உடம்பு அது. முதுகில் காற்று பட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. ஆனால் அந்த முதுகைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. குரோம்பேட்டையில் அவள் பில் போட்ட சூப்பர் மார்க்கெட் மேனேஜர் டீசன்ட்டாக வரச் சொன்னார். அவளோடு ஒரே ரூமில் இருந்த இன்னொரு திருநங்கை ஓவியா, "மூடிக்கினு போறதுக்கா இவ்ளோ பாடுபட்ட? காட்டுடி" என்பாள். ஸ்டேஷனிலிருந்து எவனாவது பின்னாலேயே வந்தால் அதே ஓவியா, "இன்னிக்கி மட்டும் போத்திக்கோ, பேஜாரு வேணாம்" என்பாள். பக்கத்து வீட்டுப் பெண்கள், எங்களை மாதிரி அடக்கமாகக் கட்டினால் யார் பார்க்கப்போகிறார்கள் என்றார்கள். அவர்கள் முதுகும் அதே ஒரு சாண் இறக்கம்தான், அதே ஞானம்மாள் தைத்ததுதான்.

யாராவது வினிதாவைத் தலையிலிருந்து கால் வரை ஒரு தடவை அளந்து பார்த்தால் துணி வளரும். குழந்தைகள் பார்த்தால் வளராது. டிக்கெட் கொடுக்கிற கண்டக்டர் பார்த்தாலும் வளராது. பில் கவுண்டரில் கை நீண்டு விரலை மூடிவிடும், கம்ப்யூட்டர் பட்டன் தட்ட முடியாது, அதனால் பக்கத்தில் எப்போதும் ஒரு கத்தரிக்கோல் வைத்திருந்தாள். வெட்டின துணியை ஞானம்மாள் வாங்கித் தலையணை உறை தைத்தார், தூளி கட்டக் கொடுத்தார், கொரோனா வந்தபோது தெரு முழுக்க அதில்தான் மாஸ்க் போட்டது. எத்தனை தடவை துவைத்தாலும் சாயம் போகாத துணி. இன்றைக்கும் கடப்பேரியில் சில வீடுகளில் அந்த உறைகள் இருக்கின்றன, தலை வைத்தால் நன்றாகத் தூக்கம் வருகிறது என்கிறார்கள்.

காரணத்தை ஞானம்மாள் முதல் மாதமே சொல்லிவிட்டார். "அம்மா ஜாக்கெட்ட அளவு குடுத்துட்ட இல்ல, அதான் அம்மா மாரியே உன்ன மூடப் பாக்குது. வேற அளவு கொண்டா, ஒரே நாள்ல சரி பண்றேன்." ஓவியா தன்னுடையதை எடுத்து நீட்டினாள். வினிதா வாங்கவில்லை. "வூட்லேர்ந்து வந்தது இது ஒண்ணுதாங்க்கா" என்றாள். அப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. வெள்ளம் வந்து வடிந்தது. தங்கை ஹேமாவதிக்குக் கல்யாணம் நடந்தது, வினிதாவுக்குச் சொல்லவில்லை. பத்து வருடம் இப்படி வளர்வதும் வெட்டுவதுமாகப் போனது.

ஹேமாவதி உண்டானபோது, அக்கா வராமல் வளைகாப்புக்கு மணையில் உட்காரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "வரட்டும். ஒழுங்கா மூடிக்கினு வரட்டும்" என்றார் கங்கையம்மாள். வினிதாவுக்குத் தூக்கம் போனது. வளைகாப்புக்கு வந்த பெண்கள் எல்லோருக்கும் வீட்டுக்காரி, அதாவது அம்மா, வளையல் போட்டு அனுப்ப வேண்டும். அத்தனை சொந்தமும் பார்த்தால் துணி விரலைத் தாண்டிவிடும், வளையல் ஏறாது, எல்லோர் முன்னாலும் வெறும் கையோடு திரும்ப வேண்டும். இந்த ஒரு நாளைக்கு அம்மாவுடையது மாதிரியே கழுத்தை மூடித் தைத்துவிடட்டுமா என்று ஞானம்மாள் கேட்டார். வினிதா துணியைத் தடவிப் பார்த்தாள். "எப்பவும் போலவே தைங்க" என்றாள்.

பயந்த மாதிரியேதான் நடந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கழுத்து ஏறிவிட்டது. அவள் முறை வந்தபோது இரண்டு கையும் விரல் நுனி தெரியாமல் மூடியிருந்தன. கங்கையம்மாள் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். துணி இன்னும் ஒரு முழம் இறங்கித் தொங்கியது.

"கையக் குடு" என்றார்.

"ஏறாதும்மா."

"குடுன்றேன் இல்ல."

துணியைப் பிடித்து, மாவில் கை விடுவதற்கு முன்னால் சுருட்டுகிற மாதிரி சுருட்டி மேலே தள்ளினார். அது சரிந்து வந்தது. மறுபடி தள்ளினார். "இன்னா கொழுப்பு பாரு இதுக்கு. நீயா நானான்னு பாத்துடறேன்" என்று துணியைத் திட்டினார். நாத்தனார் ஒருத்தி, "வுடுங்க அண்ணி, துணி மேலயே போட்டு அனுப்புங்க" என்றாள். "ஏன், எம்பொண்ணுக்குக் கை இல்லியா?" என்று கேட்டுவிட்டு கங்கையம்மாள் மறுபடி தள்ளினார். ஹேமாவதி மணையிலேயே உட்கார்ந்திருந்தாள். புளிசாதம் ஆறிப்போனது. சாப்பிடப் போனவர்களும் திரும்பி வந்து நின்று பார்த்தார்கள். கடைசியில் துணிக்குத்தான் அலுத்துப்போனது. முழங்கைக்கு மேலே போய் அங்கேயே நின்றது. கங்கையம்மாள் பச்சையும் சிவப்புமாகக் கை நிறையக் கண்ணாடி வளையல் ஏற்றினார்.

வினிதா எழுந்து திரும்பினாள். பின்கழுத்தும் தைத்த இடத்துக்கே இறங்கியிருந்தது. முதுகு முழுக்கத் தெரிந்தது.

"இவ்ளோ எறக்கமாடி?" என்றார் கங்கையம்மாள். "யாரு தச்சது?"

"கடப்பேரில ஒரு அக்கா."

"தையலு சுத்தமாத்தான் கீது. எனக்கும் ஒண்ணு சொல்லி வை. இவ்ளோ வேணாம், ஒரு நாலு வெரலு."

இப்போது ஹேமாவதியின் மகனுக்கு நடக்க வந்துவிட்டது. கிருத்திகைக்கு அம்மாவும் மூத்த மகளும் அவனைக் கூட்டிக்கொண்டு குன்றத்தூர் மலைக்குப் போகிறார்கள். படியில் எதிரே இறங்குகிறவர் யாராவது வினிதாவை அளந்து பார்ப்பார், கை மணிக்கட்டுக்கு இறங்கும். கங்கையம்மாள் மாவு புளித்துப்போன கதையை நிறுத்தாமலே அதை மேலே தள்ளிவிடுகிறார். சில நாள் இரண்டு தடவை தள்ள வேண்டியிருக்கும்.