குமாலுக் என்ற பெயரின் நான்கு ஓட்டைகள்

மருத்துவமனை அட்டையில் குழந்தையின் பெயர் நான்கு வெற்றுக் கட்டங்களாக அச்சாகி வந்த மறுநாள், தாய் அகினிசியின் வீட்டு வடக்குச் சுவரில் நான்கு சதுர ஓட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு தலை நுழையும். வெளியே மைனஸ் முப்பத்தெட்டு. கணவன் புட்டுலிக் பலகை வைத்து அறைந்தான். மதியத்துக்குள் பலகையிலும் ஓட்டை. வீட்டுவசதி அதிகாரி வந்து அளந்து, 'கூடுதல் காற்றோட்டம்' என்று எழுதிக்கொண்டு போனார்.

குமாலுக் என்பது கடல்பனி உடைந்து மூழ்கிப்போன அகினிசியின் அக்காவின் பெயர். இறந்தவரின் பெயரைச் சுமக்கும் பிள்ளையை அவருடைய முறை சொல்லியே அழைக்கும் ஊர் வழக்கப்படி, மகளை அவளும் அக்கா என்றே கூப்பிட்டாள். "அக்கா, குளிருதா?" என்று நரித்தோலில் சுற்றி முதுகில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு நடந்தாள்.

பதிவுக்காரன் டெரிக் தெற்கிலிருந்து வந்தவன். "உங்க எழுத்து இந்த மெஷினுக்குத் தெரியாது. பேரை ஆங்கில எழுத்துல போட்டுட்டா வேலை முடிஞ்சுதுங்களே" என்றான்.

"எங்கக்கா ஒரு தடவ தண்ணியில காணாமப் போனா. இன்னொரு தடவ உன் மெஷின்ல காணாமப் போக விடமாட்டேன்!"

திரையைத் தன் பக்கம் திருப்பி, எழுத்துருப் பட்டியலைத் திறக்க வைத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு எழுத்துருக்கள். கல்யாணப் பத்திரிகைச் சுருள் முதல் தடித்த விளம்பர எழுத்துவரை எல்லாவற்றிலும் அதே கட்டங்கள்தான், கொழுத்தும் மெலிந்தும் சாய்ந்தும். அவர்களுடைய எழுத்துள்ள எழுத்துருவைப் பள்ளிக்கூடக் கணினியிலிருந்து புட்டுலிக் பென் டிரைவில் கொண்டுவந்தான். அதை நிறுவத் தலைமை அலுவலக அனுமதி வேண்டும், மூன்று மாதமாகும் என்றான் டெரிக்.

"அதுக்குள்ள புள்ள வெறைச்சுடும்டா!"

பிறகு அவள் கத்தவில்லை. முகவரி மாற்றும் படிவம் கேட்டு வாங்கி, குழந்தையின் முகவரியாக டெரிக் உட்கார்ந்திருந்த அந்தப் பதிவு அறையையே எழுதிக் கொடுத்தாள். ஆளை அனுப்பினால் போதுமென்று அவனும் தட்டச்சு செய்துகொண்டான்.

மறுநாள் அவள் வீட்டுச் சுவரில் ஓட்டை மட்டுமல்ல, ஆணித்தடம்கூட இல்லை. டெரிக்கின் நாற்காலிக்குப் பின்னால் நான்கு ஓட்டைகள். பதினோரு மணிக்கு விசைப்பலகை பனியில் புதைந்தது. இரண்டே காலுக்கு அனுமதி வந்தது. எழுத்துருவைத் தேர்ந்தெடுத்ததும் கு, மா, லு, க் என்று வரிசையாக ஓட்டைகள் மூடிக்கொண்டன.

"பாருங்க, சரியாயிடுச்சு" என்று புது அட்டையை நீட்டிச் சிரித்தான் டெரிக்.

"தலைமை அலுவலகத்துல?"

"அங்க மெஷின்ல இன்னும் கட்டமாத்தான் தெரியுமாம்."

அவள் சிரிக்கவில்லை. "அந்த ஆபீஸ் எந்தத் தெருன்னு எழுதிக் குடு. ஊர்ல எல்லாருக்கும் வேணும்."

அந்த வருடம் ஊரில் பத்தொன்பது பிள்ளைகள் பிறந்தார்கள். தெற்கே, தலைமை அலுவலகத்தின் ஆறாவது மாடியில் எல்லோரும் இப்போது மேல்கோட்டோடுதான் வேலை பார்க்கிறார்கள்.