சூடு இறங்கிய மலை

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் காய்ச்சல்காரி. காய்ச்சல் அவளுக்கில்லை, அவள் பார்த்துக்கொண்டிருந்த மலைகளுக்கு. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் தரையிலிருந்து கிளம்பும் வெப்பத்தைப் படமெடுத்து அனுப்பும். குளிர்ந்த நிலம் கறுப்பாக வரும், கொதிக்கிற நிலம் மஞ்சளும் சிவப்புமாக வரும். எந்த எரிமலைக்குச் சூடு ஏறியிருக்கிறது, எதற்கு இறங்கியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. மலையின் அக்குளில் தெர்மாமீட்டர் வைக்கிறவள் என்று கேன்டீனில் கிண்டல் செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அந்த மலைகளில் ஒன்றின் சரிவில்தான் அவளுடைய அக்கா வாழ்க்கைப்பட்டிருந்தாள். அக்காவும் அத்தானும் அங்கே ஒரு பேக்கரி வைத்திருந்தார்கள். சின்ன ஊர்தான், ஆனால் அக்கம்பக்கத்துப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் ரொட்டி அங்கிருந்துதான் போகும். அத்தான் வேனில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவார்.

மழைக்காலம் முடிந்த கையோடு மலை உச்சியில் சிவப்புப் புள்ளிகள் தென்பட ஆரம்பித்தன. நாளுக்கு நாள் கூடின. அவள் அனுப்பிய படங்களைப் பார்த்துத்தான் அரசாங்கம் சரிவில் இருந்த ஊர்களைக் காலி செய்யச் சொன்னது. அக்காவும் அத்தானும் கீழே நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வந்து தங்கினார்கள்.

"மூணாங்கிளாஸ் ரூம்டி எங்களுக்கு," என்றாள் அக்கா போனில். "பெஞ்சைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருக்கோம். முதுகு போச்சு. நான் மூணாங்கிளாஸ் படிச்சப்பகூட இவ்வளவு நேரம் பெஞ்சுல இருந்ததில்ல."

"கொஞ்சம் பொறுத்துக்கக்கா. என் வீட்டுக்கு வந்துடுங்களேன்."

"உங்க அத்தான் வருவாரா? இங்கேயே மலையை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டேங்கிறாரு. அடுப்பு ஆறிப்போச்சுன்னு அதே புலம்பல்."

அப்படிப் பொறுத்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் சூடு இறங்கியது. முதல் நாள் படத்தில் உச்சி தகதகவென்று இருந்தது. அடுத்த நாள் பாதி மங்கிவிட்டது. பிறகு மேகம் வந்து மூடிக்கொண்டது. மேகம் இருந்தால் கீழே என்ன கொதித்தாலும் செயற்கைக்கோளுக்குத் தெரியாது. மேகம் விலகி மறுபடி படம் வந்தபோது உச்சி ஏறக்குறைய கறுப்பாக இருந்தது. அலுவலகத்தில் எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள்.

அவளால் மட்டும் அப்படி விட முடியவில்லை. மலை அடங்கினாலும் சூடு இறங்கும். உள்ளிருந்து வந்த பாறைக்குழம்பு மேலே இறுகி வாயை அடைத்துக்கொண்டாலும் சூடு இறங்கும். முதலாவது என்றால் நிம்மதி. இரண்டாவது என்றால் உள்ளே வாயு சேர்ந்துகொண்டே இருக்கும், ஒரு நாள் மூடியைப் பிய்த்துக்கொண்டு வரும். மேலிருந்து எடுத்த படத்தில் இரண்டும் ஒரே கறுப்புத்தான்.

இயக்குநரிடம் போய்ச் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்.

"அடைச்சிருக்குன்னு நிச்சயமா சொல்ல முடியுமாம்மா?"

"முடியாது சார். இருக்கலாம்."

"நில அதிர்வும் குறைஞ்சிருக்கு. மலைப்பக்கம் இருந்து கண்காணிக்கிறவங்களும் அடங்கிடுச்சுன்னுதான் சொல்றாங்க. இருக்கலாம்னு ஒரு வார்த்தையை வச்சுக்கிட்டு ஊர் ஜனத்தை எத்தனை நாளைக்குப் பள்ளிக்கூடத்துல படுக்க வைக்கிறது? பரீட்சை வருது, கட்டடத்தைக் கேட்கிறாங்க."

அவர் கேட்டதில் தப்பில்லை. "ஒரு வாரம் மட்டும் பார்க்கலாம் சார்" என்று இழுத்தாள். அவர் மேலே பேசிப் பார்த்தார். மேலே உள்ளவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று மாலையே அறிவிப்பு வெளியானது. சூடு குறைந்துவிட்டது, வீடு திரும்பலாம் என்று. அறிவிப்போடு போட்டிருந்த படம் அவள் தயாரித்துக் கொடுத்ததுதான்.

உடனே அக்காவுக்குப் போன் செய்தாள்.

"போகாதீங்கக்கா. எனக்கு மனசு சரியில்ல."

"உங்க ஆபீஸ்தானேடி போகலாம்னு சொல்லியிருக்கு?"

"ஆமா."

"உன் படம்தானே டிவியில காட்டறான்?"

"ஆமாக்கா. ஆனா..."

"நீயே படம் போட்டுக் காட்டிட்டு நீயே போகாதேன்னா நான் யார் பேச்சைக் கேக்கறது?"

அவள் மூடி, வாயு, அழுத்தம் என்று ஏதேதோ சொன்னாள். தன் காதுக்கே அது உளறலாகக் கேட்டது. கடைசியில் அக்கா இறங்கி வந்தாள். தான் கீழேயே இருப்பதாகவும், அத்தான் மட்டும் வேனில் போய்க் கடையைப் பார்த்துவிட்டுத் திரும்புவார் என்றும் சொன்னாள்.

மறுநாள் காலை அவள் அத்தானையே கூப்பிட்டாள். பின்னால் தகரக் கதவைத் தூக்கும் சத்தம் கேட்டது.

"எல்லாம் சாம்பல் படிஞ்சு கிடக்கும்மா. மாவு மூட்டையை எலி பதம் பார்த்திருக்கு. மத்தபடி மலை சாதுவா நிக்குது, கன்னுக்குட்டி மாதிரி."

"அத்தான், பார்த்தாச்சுல்ல? கிளம்புங்க."

"கூட்டிப் பெருக்கிட்டுக் கிளம்பறேன். உன் பேச்சை மீற முடியுமா? உன் அக்கா என்னை உள்ளே விடமாட்டா."

அன்று மத்தியானம் மலை வெடித்தபோது அவள் கேன்டீனில் இருந்தாள். அவளுக்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அவ்வளவு தூரம். யாரோ ஓடி வந்து தோளைத் தொட்டார்கள். போய்ப் பார்த்தபோது தொலைக்காட்சியில் ஒரு சாம்பல் கோபுரம் வானத்தை முட்டி நின்றது. கற்களும் சாம்பலும் அனல் வாயுவும் ஒன்றாகக் கலந்து பள்ளத்தாக்கு வழியே கீழே உருண்டுகொண்டிருந்தன. அத்தானைக் கூப்பிட்டுப் பார்த்தாள், போன் அடிக்கவே இல்லை.

அடுத்த படம் வர அவள் காத்திருக்க வேண்டியிருந்தது. செயற்கைக்கோள் தன் நேரத்துக்குத்தான் வரும், அழுதாலும் கெஞ்சினாலும் முன்னால் வராது. வந்த படத்தில் உச்சியிலிருந்து ஒரு சிவப்பு நாக்கு இறங்கியிருந்தது. பேக்கரித் தெருவை அது முழுசாக மூடியிருந்தது. எல்லையைக் கோடு போட்டுக் காட்டும் வேலை அவளுடையது. போட்டாள். அழித்துவிட்டு மறுபடி போட்டாள்.

சாயங்காலம் அக்கா அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். வாசலில் இருந்த காவலாளி ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டார். அக்கா நேராக அவளுடைய திரைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"உங்க அத்தான் எங்கடி இருக்காரு? காட்டு."

"அக்கா, இதுல மனுஷங்க தெரியமாட்டாங்க."

"இவ்வளவு பெருசா எடுத்திருக்கானே. இன்னும் கிட்டக் காட்டு."

"இந்த ஒரு புள்ளி ஒரு மைதானம் அகலம்க்கா. இதுக்குமேல கிட்டப் போக முடியாது."

அக்கா விரலைத் திரையில் வைத்தாள். ஒரு புள்ளியைத் தொட்டாள், பிறகு அடுத்ததை. "இதா? இதா கடை?" என்று கேட்டுக்கொண்டே போனாள். காய்ச்சல்காரி அவள் கையைப் பிடித்து இறக்கி, மடியில் வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு தினமும் அக்கா வந்தாள். தேடுகிறவர்கள் அடிவாரத்தில் காத்திருந்தார்கள். அனல் ஆறாத சாம்பலில் கால் வைக்க முடியாது. எந்தத் தெரு ஆறியிருக்கிறது என்று அவள் சொன்னால்தான் அவர்கள் போகலாம்.

"இன்னைக்கு?" என்று அக்கா கேட்பாள்.

"இன்னும் சூடு இருக்குக்கா."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். இயக்குநர் ஒரு முறை அந்தப் பக்கம் வந்தார். அக்காவின் முன்னால் நின்று எதையோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்து மேசையில் இருந்த தண்ணீரை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

கடைசியில் நல்ல மழை பெய்தது. படத்தில் தெரு மங்கியது. அவள் போகலாம் என்று எழுதி அனுப்பினாள். அந்த வார்த்தையை எழுத அவளுக்கு வெகு நேரம் பிடித்தது.

வேன் கடை வாசலில் இல்லை. ஊர் எல்லை தாண்டி, கீழே இறங்கும் சாலையின் வளைவில் கிடந்தது. அத்தான் உள்ளே இருந்தார்.

செய்தி வந்தபோது அக்கா அழவில்லை. "கீழ்ப்பக்கம் பார்த்தா இருந்தது வண்டி?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா."

"அப்ப கிளம்பிட்டாரு. நீ சொன்னதைக் கேட்டுக் கிளம்பிட்டாருடி."

தன் பேச்சைக் கேட்டுக் கிளம்பினாரா, மலை வெடித்த பிறகு உயிருக்குப் பயந்து ஓடினாரா என்று சொல்ல யாரும் மிச்சமில்லை. அவள் ஆமாம் என்றாள். அப்போதுதான் அக்காவின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. திரையில் வேறொரு மலையின் படம் வந்து நின்றது. காய்ச்சல்காரி அதைப் பார்க்காமல் அக்காவை இறுகப் பிடித்துக்கொண்டாள்.