கருங்கல் எழுத்தில் ஒரு காதுகுத்து

எங்கள் தொழிலில் எழுத்து என்றால் இழுக்கத்தான். இடம் மிஞ்சினால் அகலமாக இழுப்போம், போதாவிட்டால் நெரித்து வைப்போம். மூக்கண்டப்பள்ளியில் இத்தனை வருடமாக ஃப்ளெக்ஸ் பேனர் கடை நடத்துகிறேன், எந்த எழுத்தும் வலிக்கிறது என்று என்னிடம் சொன்னதில்லை. சுசித்ரா வேலைக்கு வந்த பிறகுதான் எழுத்துக்கும் வலிக்கும் என்று தெரிந்தது.

பெங்களூரில் டிசைன் படித்த பெண். என் கடை கம்ப்யூட்டரில் பூப்புனித நீராட்டும் கண்ணீர் அஞ்சலியும் செய்துகொண்டே, மிச்ச நேரத்தில் சொந்தமாக ஒரு தமிழ் எழுத்துரு வரைந்தாள். பெயர் 'கருங்கல்'. வளைவெல்லாம் காம்பஸ் வைத்த வட்டம், மற்றதெல்லாம் சதுரம், மெலிசு என்பதே கிடையாது. அதன் 'ழ'வைப் பார்த்தால் குவாரியிலிருந்து லாரியில் வந்து இறங்கியது போல இருக்கும். எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. சொன்னால் தலைக்கு ஏறிவிடும் என்று சொல்லவில்லை.

பெங்களூரில் ஓர் எழுத்துருப் போட்டி. ஜெயித்தால் அங்கே பெரிய ஸ்டூடியோவில் வேலை. எழுத்து தெருவில் நிஜமாகப் பயன்பட்ட போட்டோ வேண்டுமாம். பேனர் முழுதாகத் தெரிய வேண்டும், எழுத்து துளியும் இழுபட்டிருக்கக் கூடாது.

"ஒரே ஒரு பேனர்ல போட்டுக்கறேன் சார். இழுக்க மட்டும் சொல்லாதீங்க. இழுத்தா வட்டம் முட்டையாயிடும். வட்டம்தான் இதுக்கு உயிரே" என்றாள். போகட்டும் என்று சம்மதித்தேன்.

அதற்கு வந்து வாய்த்தது பக்கத்துத் தெரு ரூபாவின் மகளுக்குக் காதுகுத்து. ரூபா சிப்காட் கம்பெனியில் ஷிப்டில் இருந்ததால், பேனருக்கு அவளுடைய அண்ணன் கரியப்பனும் தம்பி ராஜேஷ்குமாரும் வந்தார்கள். இடது பக்கம் பெரிய மாமன் பேர், வலது பக்கம் சின்ன மாமன் பேர், நடுவில் குழந்தை போட்டோ. எல்லாரும் போடுவதுதான்.

ஸ்கிரீனைப் பார்த்ததும் கரியப்பனின் முகம் மாறியது. கருங்கல்லில் எல்லா எழுத்தும் ஒரே உயரம், ஒரே கனம். தம்பி பேர் ரயில் மாதிரி ஓடியது. அண்ணன் பேர் பாதி தூரத்திலேயே நின்றுவிட்டது.

"என்னாம்மா இது? பாப்பாவ மடியில உக்கார வெக்கிறவன் நானு. இவன் பேரு எம்மாம் நீளம் போவுது பாரு!"

"ணா, என் பேரே நீளம்ணா. அதுக்கு நான் என்னா பண்றது?"

"எங்கப்பன் எனக்குப் பேர சிக்கனமா வெச்சிட்டாரு. அதுக்காவ மரியாதையும் சிக்கனமாவா? இழும்மா என் பேர."

"இழுத்துடும்மா" என்றேன் நானும். சுசித்ரா மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். கண் கலங்கிவிட்டது.

"முடியாது சார்."

"அப்ப நான் சீர்த்தட்டு தூக்க மாட்டேன். அவன் மடியிலயே வெச்சிக் குத்திக்கங்க" என்று கரியப்பன் செருப்பை மாட்டினார். தாய்மாமன் கோபித்துக்கொண்டு போன காதுகுத்து விளங்குமா?

சுசித்ராதான் அவரை மறித்தாள். "இழுக்க வேணாம்ணா. முன்னால ஏதாச்சும் சேத்துக்கலாம்." சேர்த்தாள்: 'மத்தூர் மாங்காய் மண்டி கரியப்பன்'. அண்ணன் செருப்பைக் கழற்றினார். தம்பி சும்மா இருப்பானா? தன் கம்பெனிப் பதவியைச் சேர்த்து 'சீனியர் லைன் லீடர் ராஜேஷ்குமார்' என்றான். அண்ணன் 'பாசமிகு' கேட்டார், தம்பி 'என்றும் பாசமிகு' கேட்டான். அண்ணன் 'மூத்த தாய்மாமன்' ஆனார், தம்பி 'இளைய சிங்கம்' ஆனான். அவன் எந்தக் காட்டில் சிங்கம் என்று நான் கேட்கவில்லை, வியாபாரம்.

கோயில் வாசலில் சாரம் கட்டியாகிவிட்டது, பேனர் இனி ஓர் அடிகூட வளராது. எழுத்தும் நெரியாது. இரண்டு பக்கத்துக் கல்லும் நடுவுக்கு நகர்ந்து நகர்ந்து வந்தன. குழந்தை போட்டோவுக்கு இடமில்லை. சுசித்ரா கொஞ்சம் யோசித்தாள். பிறகு மவுஸால் போட்டோவின் ஓரத்தைப் பிடித்து உள்ளே நெரித்தாள். சரியாகப் பொருந்தியது. மாமன்கள் இருவரும் அவரவர் பேரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை பேனர் ஜோராக நின்றது. கரியப்பன் தன் பேரோடு செல்ஃபி எடுத்தார். அத்திப்பள்ளியிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர் தமிழ் படிக்கத் தெரியாமலே "தும்ப சென்னாகிதே", ரொம்ப நன்றாயிருக்கிறது, என்று கன்னடத்தில் பாராட்டினார். சுசித்ராவுக்குக் கால் தரையில் இல்லை. ஒரு வட்டம்கூடக் குலையவில்லை. போனில் எடுத்துத் தள்ளினாள்.

அப்போது ரூபா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலை, காம்பஸ் வைத்தாலும் அப்படி ஓர் உருண்டை வராது. பேனரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தேடினாள்.

"நடுவுல யாருங்க அது?"

"உங்க பாப்பாதான்க்கா" என்றாள் சுசித்ரா.

ரூபா குழந்தையைப் பார்த்தாள், பேனரைப் பார்த்தாள். "எம் புள்ள மொகம் உருண்டைங்க. அத எதுக்குங்க இழுத்தீங்க?"

சண்டை போடும் குரலே இல்லை. அதனால்தான் எனக்கே சங்கடமாகிவிட்டது.

கடைக்கு வந்ததும் போட்டிக்கு அனுப்ப வேண்டிய படத்தைத் திறந்தாள். எழுத்தெல்லாம் கம்பீரம். மவுஸ் மட்டும் நடுவில் நீண்டு கிடந்த முகத்தை விட்டு நகரவில்லை.

"அந்த மொகம் உறுத்துச்சின்னா வெட்டிட்டு அனுப்பு" என்றேன், தொழில் வழக்கப்படி.

"எங்க சார் வெட்டறது?" என்றாள். "பாப்பா நடுவுல இருக்கு."